வரத்து வாய்க்காலில் ஒரு வண்டல் தொட்டி

கோடை முழுக்கத் தெருவில் சேர்ந்த அழுக்கு ஏரிக்குப் போய்ச் சேர ஒரு நல்ல மழை போதும். அதிலும் முதல் கால் மணி நேரத்துத் தண்ணீர்தான் மோசம். டயர் தேய்ந்த கரித்தூள், வண்டி சொட்டிய ஆயில், மாட்டுச் சாணம், பான் மசாலா உறை, கோழிக்கடைக் கழிவு, ஷாம்பு சாஷே எல்லாம் அதில்தான் அடித்துக்கொண்டு வரும். அப்புறம் வருகிற மழைநீர் ஓரளவு தெளிவாகவே இருக்கும். வில்லியனூர் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சிற்றேரிக்காக நாங்கள் செய்த வேலை முழுக்க இந்த முதல் தண்ணீரைப் பற்றியதுதான். நான் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன், பொறியாளர் இல்லை. அதனால் அளவு என்ன, சாமான் என்ன, எது நின்றது, எது போனது என்பதையே அதிகம் எழுதுகிறேன்.

புதுச்சேரிப் பகுதியில் மொத்தம் 84 ஏரிகள் என்பது கணக்கு. பெரியது ஊசுட்டேரி. பாதி நம் பக்கம், மீதி விழுப்புரம் மாவட்டத்துப் பக்கம், எல்லாம் சேர்த்து 800 ஹெக்டேர் அளவுக்கு வரும். 2008-ல் நம் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக அங்கே வருகிறது. அதற்கடுத்த பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீரைக் கொண்டுவரப் பங்காரு வாய்க்கால் இருக்கிறது. எங்களுடையதற்கு ஆறும் இல்லை, பேர் சொல்லும்படி வாய்க்காலும் இல்லை. மழை பெய்தால் நிறையும், பெய்யாவிட்டால் மாடு மேயும். ஒரு காலத்தில் வயல்காட்டு வடிநீரைக் கொண்டுவந்த வரத்து வாய்க்காலின் இரண்டு பக்கமும் இப்போது நகர்கள். வயல் போய் மனை வந்தது, வாய்க்கால் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது.

எங்களை இந்த வேலைக்குள் இழுத்தது மீன் குத்தகைக்காரர்கள். விடியற்காலையில் கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன, ஜிலேபி மட்டும் தாக்குப்பிடிக்கிறது என்றார்கள். காரணம் தெரிந்ததுதான். சோப்புத் தண்ணீரிலும் சாக்கடையிலும் வருகிற பாஸ்பரஸ், நைட்ரஜன் இரண்டும் பாசிக்கு உரம். பகலில் பாசி ஆக்சிஜனை விடும்; இரவில் அதுவே எடுத்துக்கொள்ளும். செத்த பாசி மக்கும்போது இன்னும் கொஞ்சம் போகும். ஆகவே விடிவதற்குச் சற்று முன்னால் தண்ணீரில் மூச்சே இருக்காது. லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஆக்சிஜனாவது இருந்தால்தான் அது மீன் வளர்க்கத் தகுந்த தண்ணீர் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். மதியம் மூன்று மணிக்கு அளந்துவிட்டு ஏரி நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். விடியலில் அளக்கச் சொல்லுங்கள்.

ஊரில் ஏரி சுத்தம் செய்வது புதிதில்லை. கையுறை, தொப்பி, ஒரே நிறத்தில் டி-ஷர்ட், வரிசையாக நின்று ஒரு போட்டோ. ஆகாயத்தாமரையை வாரிக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவார்கள். அது அழுகி, அதிலிருந்து ஒழுகும் கறுப்புத் தண்ணீர் மறுபடி ஏரிக்குள்ளேயே இறங்கும். வந்தவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களில் சிலர்தான் பிற்பாடு எங்களோடு நிலைத்து நின்றவர்கள். ஆனால் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டுக்குள் பெருக்கி என்ன பயன்? வேலை ஏரியில் இல்லை, ஏரிக்கு வருகிற வழியில் இருக்கிறது என்று முடிவு செய்தோம். தெரு வாய்க்கால் வரத்து வாய்க்காலில் சேருகிற இடத்தில் முதலில் ஒரு குப்பைத் தடுப்பு, அடுத்து வண்டல் தொட்டி, அதற்கப்புறம் ஜல்லிப் படுகை என்பது திட்டம்.

முதலில் அளவு. காலை ஏழு மணிக்கு, எல்லா வீட்டிலும் பாத்திரம் தேய்க்கும் நேரத்தில், தெரு வாய்க்கால் வரத்து வாய்க்காலில் விழுகிற இடத்தில் 15 லிட்டர் பக்கெட்டைப் பிடித்தோம். நிறைய 20 விநாடி ஆனது. அதாவது விநாடிக்கு முக்கால் லிட்டர். பத்து மணிக்கு மேல் நூல் மாதிரிதான் ஒழுகும். வீடுகளை எண்ணிப் பார்த்து, மழையில்லாத நாளில் மொத்தம் 8,000 லிட்டருக்குள் வரும் என்று கணக்குப் போட்டோம். மழைக்கு வேறு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். எங்கள் தெருக்களும் மாடிகளும் வாசல்களும் சேர்ந்து ஏறக்குறைய 12,000 சதுர மீட்டர். 10 மி.மீ. பெய்தால் 1,20,000 லிட்டர். மண் குடித்தது போக அறுபது சதவீதம் ஓடிவந்தாலும் 72,000 லிட்டர், ஆறு டேங்கர் லாரி. இதைக் கேட்ட பிறகுதான் பின்னால் ஒரு டிரம் வைத்து வடிகட்டிவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அமைதியானார்கள்.

அனுமதியை எழுத்தில் வாங்கினோம். ஏரியும் வாய்க்காலும் பொதுச் சொத்து, நல்ல எண்ணத்தோடு கட்டினாலும் அது ஆக்கிரமிப்புதான். வாய்க்காலின் அகலம் குறையக் கூடாது, ஏரி உள்வாயில் எதுவும் கட்டக் கூடாது என்று நிபந்தனை. நியாயமான நிபந்தனை. அந்தக் காலத்தில் மடை திறந்துவிட்ட பெரியவர் ஒருவர் இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அதையே வேறு விதமாகச் சொன்னார்: "தம்பி, தண்ணிய மறிச்சீங்கன்னா அது உங்க வூட்டுக்குள்ளதான் வரும். அழுக்க நிறுத்துங்க, தண்ணிய வுட்டுடுங்க."

இதற்கு முன் யாரோ அதே இடத்தில் கோழிவலை கட்டியிருந்தார்கள். வலையில் பாலிதீன் பை ஒட்டினால் அது பலகை மாதிரி ஆகிவிடும். முதல் மழையிலேயே தண்ணீர் எதிர்த்துத் தெருவில் ஏற, வீட்டுக்காரர்கள் அறுத்துப் போட்டுவிட்டார்கள். நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அறுத்திருப்பேன். அதனால் வலை வேண்டாம், கம்பித் தடுப்புதான் என்று வைத்தோம். கம்பிகள் எல்லாம் செங்குத்தாக மட்டும், குறுக்குக் கம்பி ஒன்றுகூட இல்லாமல். குறுக்கே கம்பி இருந்தால் வாருகோலின் பல் அதில் சிக்கும், வாருகிறவர் ஒரு வாரத்தில் வெறுத்துப்போவார். தடுப்பை நட்டமாக நிறுத்தாமல் 45 டிகிரி சாய்த்தோம். தண்ணீர் அழுத்த அழுத்தக் குப்பை சரிவில் மேலே ஏறும், அடியில் வழி திறந்தே இருக்கும். தடுப்பின் மேல் விளிம்பு தெருமட்டத்தைவிட ஒரு சாண் தாழ்வு. அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் மேலே வழிந்து போகுமே தவிர, திண்ணை ஏறாது. இந்த ஒரு சாணைத்தான் தெருக்காரர்களிடம் முதலில் காட்டினோம். அதன் பிறகு எதிர்ப்பு இல்லை.

பட்டறைக்காரன் என்கிற முறையில் நான் அதிகம் யோசித்தது இரும்பைப் பற்றி. வாய்க்காலில் இரும்புச் சட்டம் போட்டால் துருப்பிடிப்பதற்கு முன்பே பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். சாலையோரச் சாக்கடை மூடிகள் எங்கே போகின்றன என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எவர்சில்வர் என்றால் கேட்கவே வேண்டாம். கடைசியில் ஒரு அங்குல பிவிசி பைப்பை நறுக்கி, உள்ளே 10 எம்.எம். முறுக்குக் கம்பி ஒன்றைச் செருகி, சிமெண்டும் எம்-சாண்டும் தண்ணியாகக் கலந்து ஊற்றி, தட்டித் தட்டி இறக்கினேன். வெயிலில் பைப் வெளுத்து நொறுங்கினாலும் உள்ளே கான்கிரீட் கம்பி நிற்கும். எடைக்குப் போட முடியாது. மேல் வழவழப்பாக இருப்பதால் பையும் துணியும் ஒட்டாமல் வாரிவிடலாம். பைப்பின் வெளிவிட்டம் 33 மி.மீ.; வாய்க்கால் அகலம் 90 செ.மீ.; பன்னிரண்டு கம்பி வைத்தால் நடுவே பதின்மூன்று சந்து, ஒவ்வொன்றும் நான்கு செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. தண்ணீர் பாட்டில், தேங்காய் மட்டை, செருப்பு நிற்கும். சாஷே போய்விடும். அதற்குத்தான் அடுத்த தொட்டி.

தொட்டியின் உள்ளளவு நீளம் 3 மீட்டர், அகலம் 1.5 மீட்டர். சாலிட் பிளாக் சுவர், அடியில் கான்கிரீட், தரை உள்வரும் பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஆழமாகத் தோண்டினால் நிறைய வண்டல் நிற்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வண்டல் படிவது ஆழத்தைப் பொறுத்ததில்லை, மேல்பரப்பைப் பொறுத்தது. ஆழம் படிந்ததைச் சேர்த்து வைக்க மட்டும். எங்கள் தொட்டியின் பரப்பு 4.5 சதுர மீட்டர். தூறல் மழையில் விநாடிக்கு 5 லிட்டர் வந்தால், அதை அந்தப் பரப்பால் வகுக்க, விநாடிக்கு 1.1 மி.மீ.க்கு மேல் வேகமாக இறங்குகிற துகள் எல்லாம் தொட்டியில் தங்கும். நுண்மணலும் கொஞ்சம் வண்டலும் அதில் அடக்கம். ஒரு மணி நேரத்தில் 10 மி.மீ. கொட்டினால் விநாடிக்கு 20 லிட்டர், அப்போது 4.4 மி.மீ. வேகத்தில் இறங்குகிற மணல்தான் நிற்கும், மெல்லிய வண்டல் போய்விடும். களிமண் எப்போதும் நிற்காது. இன்னும் பெரிதாகக் கட்டப் புறம்போக்கில் இடமில்லை. இருந்த இடத்தில் இவ்வளவுதான்.

ஆழத்தை 90 செ.மீ.யில் நிறுத்தியதற்கு ஒரே காரணம், அதை யார் வாரப்போகிறார்கள் என்பது. மூன்றடி என்றால் கரையில் நின்றபடியே நீளக் கைப்பிடி போட்ட கரண்டியால் வாரலாம். அதற்கு மேல் ஆழம் என்றால் ஆள் உள்ளே இறங்கியாக வேண்டும். எங்கள் தெரு வாய்க்காலில் செப்டிக் டேங்க் வழிவுக் குழாய்கள் ஒன்றிரண்டு திருட்டுத்தனமாகச் சேர்ந்திருப்பது வாடையிலேயே தெரிந்தது. கழிவுநீர்க் குழிக்குள் மனிதனைப் பாதுகாப்பில்லாமல் இறக்குவதை 2013 சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் யாரையும் இறக்க மாட்டோம் என்பதில் குழுவில் இரண்டாம் பேச்சே இல்லை.

தொட்டியின் நடுவே குறுக்காக ஒரு கடப்பா கல் பலகை தொங்குகிறது. சுவரில் இரண்டு பக்கமும் பள்ளம் விட்டு, பலகையை மேலிருந்து இறக்கினோம். அதன் கீழ் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே 40 செ.மீ. வழி. தண்ணீர் பலகைக்கு அடியில் நுழைந்துதான் அந்தப் பக்கம் போக முடியும். ஆயிலும் சாஷேயும் தெர்மாகோல் உருண்டையும் மேலே மிதப்பதால் முதல் அறையிலேயே நின்றுவிடும். கல்லுக்குத் துரு கிடையாது, எடைக்குப் போட்டால் விலையும் கிடையாது. காலையில் போய்ப் பார்த்தால் இந்தப் பக்கம் நீலமும் ஊதாவுமாக ஆயில் படலம் மினுங்கும், அந்தப் பக்கம் வெறும் கலங்கல் தண்ணீர். இந்த வேலை முழுவதிலும் செலவுக்குத் தக்க பலன் எது என்று கேட்டால் இந்தக் கல்லைத்தான் சொல்வேன்.

தொட்டியைத் தாண்டினால் ஜல்லிப் படுகை. 18 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 60 செ.மீ. ஆழத்துக்கு வாய்க்கால் ஓரமாகப் பள்ளம். இரு முனையிலும் 40 எம்.எம். ஜல்லி, நடுவில் 20 எம்.எம். ஜல்லிச் சந்துகளில் எட்டாயிரத்துச் சொச்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும் என்பதால், மழையில்லாத நாளில் வீட்டுத் தண்ணீர் ஒரு நாள் முழுக்கத் தங்கிப் போகும். கல்லில் படியும் நுண்ணுயிர்ப் படலம்தான் அழுக்கைத் தின்கிறது. செடி அதற்குத் துணை. மழைக்காலத்தில் படுகைக்குள் விட்டால் ஜல்லி அடைத்துப்போகும், ஆகவே அதிகத் தண்ணீர் பக்கத்துப் பழைய வாய்க்காலிலேயே போகும்படி விட்டுவிட்டோம்.

கடலூர்க் கடற்கரையோர மணல் நிலங்களில் வெட்டிவேர் சாகுபடி உண்டு. அங்கிருந்து நாற்று வந்தது. சம்பங்கோரையை ஏரியிலிருந்தே எடுத்துக்கொண்டோம். கல்வாழை ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் இருந்து வந்தது. அழகாகப் பூத்தது, ஆடு விடவில்லை. யாரோ நெய்வேலிக் காட்டாமணக்கை நட்டால் தானாக வளருமே என்றார். வளரும்தான், அப்புறம் அதை ஏரியிலிருந்து யார் பிடுங்குவது? வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்: செடி எடுத்துக்கொண்ட பாஸ்பரஸ் செடியில்தான் இருக்கிறது. அறுத்துத் தூரக் கொண்டுபோனால்தான் அது போனதாகக் கணக்கு. அறுக்காமல் விட்டால் காய்ந்து மக்கித் திரும்பத் தண்ணீருக்கே வந்துவிடும். சம்பங்கோரையை அறுத்து மகளிர் குழுவினர் எருக்குழியில் சேர்க்கிறார்கள்.

தேங்கிய தண்ணீர் என்றால் கொசு. தெருக்காரர்கள் கேட்ட முதல் கேள்வியே அதுதான். கப்பி மீன் விடலாம் என்று ஒரு யோசனை வந்தது. மழையில் அது ஏரிக்குப் போய்விடும், நம் ஊர் மீனில்லை, வேண்டாம் என்று பறவை பார்க்கும் நண்பர் ஒருவர் தடுத்தார். வயல் வாய்க்கால்களில் மேல்மட்டத்திலேயே திரியும் ஒரு விரல்கடை அளவு மீன் உண்டு, உச்சந்தலையில் வெள்ளியாக ஒரு புள்ளி மின்னும். பையன்கள் அதைப் பிடித்து வந்து கல்லுக்கு அந்தப்புற அறையில் விட்டார்கள். ஆயில் இல்லாததால் பிழைத்துக்கொண்டது. புழு கண்ணில் படவில்லை.

வாருகிற கரண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்வெட்டியால் வாரினால் பாதி தண்ணீர்தான் மேலே வருகிறது. பழைய தார் டின்னின் அடியைத் தட்டையாக்கி, ஓரங்களை மடித்து, முழுக்க எட்டு எம்.எம். ஓட்டை போட்டு, ஏழடி ஜி.ஐ. பைப்பில் வெல்டு வைத்தேன். தூக்கும்போது தண்ணீர் ஒழுகி, சேறு மட்டும் மேலே வரும். மகளிர் குழு அக்கா ஒருவர் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்பா, வெறும் கரண்டியே இந்தக் கனம் கனக்குது, சேறும் சேர்ந்தா யாரு தூக்குவா?" என்றார். சரி என்று பைப்பை மூங்கிலாக மாற்றினேன். இப்போது அதைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள், முதல் கரண்டி பட்டறையில் தொங்குகிறது. கம்பூட்டும் ரப்பர் கையுறையும் இல்லாமல் யாரையும் விடுவதில்லை. எலிக்காய்ச்சல் இப்படிப்பட்ட தண்ணீரில்தான் வரும், காலில் சின்னக் கீறல் போதும்.

வாரிய சேற்றை வயலுக்குக் கேட்டார்கள். ஏரி வண்டல் வயலுக்கு உரம் என்பது தலைமுறைப் பழக்கம், கேட்டதில் தப்பில்லை. ஆனால் இது ஏரி வண்டல் இல்லை, தெருச் சேறு. ஆயிலும் பெயிண்டும் பேட்டரிக் கடைத் தூசியும் கலந்தது. தார்ப்பாயில் உலர்த்திக் குப்பை வண்டியில்தான் அனுப்புகிறோம்.

இவ்வளவு கட்டிய பிறகு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், குழுவில் சிலருக்குப் பிடிக்காது. புரட்டாசியில் தெருவோரச் சாக்கடை மண்ணை வாரி எடுப்பதுதான் தொட்டியைவிடப் பெரிய வேலை. பாஸ்பரஸும் ஈயமும் அதிகம் ஒட்டியிருப்பது மெல்லிய தூசியில். அந்தத் தூசி எங்கள் தொட்டியில் நிற்காது என்று மேலே கணக்கே காட்டுகிறது. காய்ந்திருக்கும்போது துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளினால் வருகிற பொருள், நனைந்துவிட்டால் எந்தக் கம்பிக்கும் கல்லுக்கும் அடங்காது. ஐப்பசி அடைமழைக்கு முன் இதைச் செய்ய வேண்டும். இதற்குத் திறப்பு விழா கிடையாது, அதனால் ஆளும் வருவதில்லை.

தண்ணீர் தெளிவதை அளக்க ஒரு தட்டு செய்தோம். 1865-ல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்த அதே முறை. 20 செ.மீ. வட்டத் தகடு, நான்கு கால்பாகமாகக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி பெயிண்ட், அடியில் ஒரு பழைய நட்டு எடைக்கு, முடிச்சுப் போட்ட கயிறு. தட்டு கண்ணுக்கு மறைகிற ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், எப்போதும் உச்சிவெயிலில், நிழல் பக்கமாக நின்று. பள்ளிப் பிள்ளைகள்தான் ஒழுங்காகக் குறிக்கிறார்கள். பெரியவர்கள் நேற்றைய அளவையே எழுதிவிடுகிறார்கள்.

தொட்டி கட்டிய அதே ஆண்டில் ஃபெஞ்சல் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அந்த மழைக்கு எங்கள் தொட்டி ஒரு பொருட்டே இல்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. எல்லோருக்கும் கவலை கரை நிற்குமா என்பதுதான். உபரித் தண்ணீர் ஏரியின் கலங்கல் வழியாக வழிந்து ஓடியது, கரை நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் தடுப்பைக் காணோம். அதன்மேல் வாழைமரம், மெத்தை, ஒரு முழு பிளாஸ்டிக் நாற்காலி. எல்லாவற்றையும் இழுத்துப் போட்டபோது பன்னிரண்டு கம்பியும் இருந்தன. கடப்பா கல் ஒரு மூலை உடைந்திருந்தது. கல்வாழை வேரோடு போயிற்று. சம்பங்கோரை படுத்துக் கிடந்து பிற்பாடு எழுந்தது. வெட்டிவேர் அசையவில்லை.

தொட்டி விளிம்பு வரை மண் நிறைந்திருந்தது. வாரும்போது ஒரு பக்கம் செங்குத்தாக வெட்டி நின்றதைப் பார்த்தோம்: அடியில் ஒரு சாண் கறுப்புச் சேறு, முட்டை அழுகிய நாற்றம், அதன்மேல் சாஷேக்கள் அடுக்கடுக்காகப் படிந்து ஒரு பட்டை, அதற்கு மேலே முழங்கை உயரத்துக்குப் பழுப்பு மணல், நாற்றமே இல்லை. அழுக்கு முதலில் வந்துவிட்டது, புயல் கொண்டுவந்தது வெறும் மண். அடிச் சேறு புயலுக்கு முந்தைய சின்ன மழைகளில் சேர்ந்தது. மேலே மணல் மூடிக்கொண்டதால் அது ஏரிக்குப் போகவில்லை. தொட்டியை மழைக்காலத்தில் வாராமல் விடலாமா என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன்: புயலுக்கு முன்னால் வாரியிருந்தால் இன்னும் நல்லது, நிறைந்த தொட்டியில் எதுவும் படியாது.

இப்போது மழை நின்ற மறுநாள் வாருவது இரண்டு தெருக்களின் முறை. மாதத்துக்கு ஒரு தடவை மீன் குத்தகைக்காரர்கள் கூலிக்கு ஆள் வைத்துக்கொடுக்கிறார்கள். செப்டிக் குழாய்க்காரர்களில் ஒருவர் உறைக்குழி போட்டுக்கொண்டார், இன்னொருவர் பேச்சுக்கே வரவில்லை. முனையில் உள்ள வாட்டர் வாஷ் கடைக்காரர் மட்டும் தானாக வந்து, அவர் கடை ஆயிலை அங்கேயே நிறுத்த வழி கேட்டார். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் வெளிக்குழாயை எல்போ வைத்து உள்பக்கம் கீழ்நோக்கித் திருப்பினால் போதும், கடப்பா கல் செய்கிற வேலையை அது செய்யும். மூன்று அங்குலக் குழாய் போதாது, நான்கு வேண்டும். டிரம்முக்குச் சொல்லியிருக்கிறேன், எல்போ பட்டறையில் இருக்கிறது.